கப்பல் புகை யார் கணக்குல?

போன பொங்கலுக்கு என் மாமா பையன் வடக்குத்துக்கு வந்திருந்தான். கப்பல்ல செகண்ட் இன்ஜினியர். ஆறு மாசம் கடல், மூணு மாசம் ஊர்னு ஓடுற பொழப்பு. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டு உருண்டுக்கிட்டிருக்க, இவன் மட்டும் திண்ணையில லேப்டாப்பை வச்சுக்கிட்டு முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தான்.

"லீவுல கூட என்னடா வேலை?"

"வருஷக் கணக்கு முடிக்கறாங்க மச்சான். நான் எழுதின நம்பர்ல பதினோரு டன் இடிக்குதாம். ஆபீஸ்லேர்ந்து மெயில் மேல மெயில்."

"எதுல பதினோரு டன்?"

"எண்ணெய்ல. போன வருஷம் கப்பல் எவ்வளவு எண்ணெய் குடிச்சுது, எவ்வளவு தூரம் ஓடுச்சு, எவ்வளவு கரியமில வாயு விட்டுச்சு... மார்ச் முடியறதுக்குள்ள கொடுத்தாகணும்."

நமக்கு கப்பல்னா சினிமால ஹீரோ நிக்கற இடம், அவ்வளவுதான். ஆனா புகைன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா விட முடியாது. நெய்வேலி சுரங்கத்தையும் அனல் மின் நிலையத்தையும் பக்கத்துல வச்சுக்கிட்டு வளர்ந்தவன் ஆச்சே. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அவனைக் குடைஞ்சேன். அவன் போனப்புறம் நானா கொஞ்சம் படிச்சேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கூடை கூடையா நிலக்கரி

கப்பல்ல எரிபொருள் கணக்கு எழுதறது ஒண்ணும் புதுசு இல்ல. நீராவிக் கப்பல் பொறந்த அன்னிக்கே கணக்கும் பொறந்தாச்சு. பாய்மரத்துக்கு காத்து ஓசி. நிலக்கரி ஓசி இல்லையே.

1838 ஏப்ரல்ல சிரியஸ், கிரேட் வெஸ்டர்ன்னு ரெண்டு நீராவிக் கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போய்ச் சேர்ந்துச்சு, சில மணி நேர இடைவெளியில. முதல்ல போனது சிரியஸ்தான். ஆனா அதுல நிலக்கரி கிட்டத்தட்ட காலி. பின்னாடி வந்த கிரேட் வெஸ்டர்ன்ல சுமார் 200 டன் மிச்சம் இருந்துச்சு. அதை வடிவமைச்ச பிரூனல் போட்ட கணக்கு சிம்பிள். கப்பலைப் பெருசாக்கினா அது சுமக்கற அளவு வேகமா கூடும், தண்ணியோட எதிர்ப்பு அவ்வளவு வேகமா கூடாது. அதனால பெரிய கப்பலுக்கு ஒரு டன் சரக்குக்கு ஆகற எரிபொருள் கம்மி. இன்னிக்கு 4 லட்சம் டன் சுமக்கற கப்பல் ஓடறதுக்கும் காரணம் இதே கணக்குதான்.

அப்புறம் 1860கள்ல ஆல்ஃபிரட் ஹோல்ட் மாதிரி ஆளுங்க, ஒரே நீராவியை ரெண்டு சிலிண்டர்ல ரெண்டு தடவை வேலை வாங்கற காம்பவுண்ட் இன்ஜினை தூர தேசக் கப்பல்கள்ல போட்டாங்க. நிலக்கரிச் செலவு பெருமளவு குறைஞ்சுது. 1869ல சூயஸ் கால்வாய் திறந்தாங்க. ஏடன், கொழும்புன்னு வழி நெடுக நிலக்கரி ஏத்தற துறைமுகங்கள் வளர்ந்துச்சு. எத்தனை கூடை ஏறுச்சு, ஒரு நாளைக்கு எத்தனை டன் உலையில போச்சு, எல்லாம் இன்ஜின் ரூம் நோட்டுல ஏறும். யாருக்காக? முதலாளிக்காக. அடுத்த துறைமுகம் போய்ச் சேருவோமா, இந்தப் பயணத்துல லாபம் நிக்குமா, ரெண்டே கேள்விதான். புகை வானத்துக்குப் போச்சு. அதை யார் எண்ணினா?

நம்மூர்க் கதையும் ஒண்ணு சொல்லணும். 1906ல தூத்துக்குடியில வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை ஆரம்பிச்சு, 1907ல காலியோ, லாவோன்னு ரெண்டு கப்பலைக் கொண்டு வந்து கொழும்புக்கு ஓட்டினார். எதிர்ல வெள்ளைக்கார பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அவங்க கட்டணத்தைக் குறைச்சாங்க, இவர் குறைச்சார், அவங்க இன்னும் குறைச்சாங்க. இந்தப் போட்டி ஏன் அவ்வளவு கொடூரம்னு எனக்கு இப்பத்தான் உறைச்சுது. கப்பல்ல பத்து பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் உலையில போடற நிலக்கரி ஏறக்குறைய ஒண்ணுதான். டிக்கெட் காசு குறையும், நிலக்கரிக் காசு குறையாது. பெரிய பணப்பை இருக்கறவன் தாங்குவான், சின்னவன் சாய்வான். 1908ல வ.உ.சி.யை ஜெயில்ல போட்டாங்க. 1911ல கம்பெனியே கலைஞ்சு போச்சு. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பேரை வச்சது அதுக்கு நூறு வருஷம் கழிச்சு, 2011ல. அந்தத் துறைமுகத்துக்கு கடைசியில திரும்ப வருவோம், ஞாபகம் வச்சுக்கங்க.

மத்தியானம் பன்னெண்டு மணி ரிப்போர்ட்

கப்பல்ல 'நூன் ரிப்போர்ட்'னு ஒண்ணு உண்டு. தினமும் உச்சி வேளையில கப்பல் எங்க இருக்கு, நேத்து மத்தியானத்துலேர்ந்து எத்தனை மைல் ஓடுச்சு, எத்தனை டன் எரிஞ்சுது, டேங்க்ல மிச்சம் எவ்வளவு, காத்து எப்படி, அலை எப்படின்னு ஆபீசுக்கு அனுப்பணும். சூரியனை வச்சு இடம் கண்டுபிடிச்ச காலத்து பழக்கம் அது. இப்ப ஜி.பி.எஸ். வந்தாச்சு, பேரும் நேரமும் மாறலை.

இந்த ரிப்போர்ட்டோட குணத்தைப் புரிஞ்சுக்கணும். இது உண்மை சொல்றதுக்காகப் பொறந்த காகிதம் இல்ல. வியாபாரத்துக்காகப் பொறந்த காகிதம். கப்பல் ஒருத்தருது, அதை வாடகைக்கு எடுத்து ஓட்டறவர் வேற ஒருத்தர். மாச வாடகை பேசி எடுத்தா பெரும்பாலும் எண்ணெய்க் காசு வாடகைக்காரர் தலையில. "இந்தக் கப்பல் இவ்வளவு வேகத்துல ஓடும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய இத்தனை டன் குடிக்கும்"னு ஒப்பந்தத்துல எழுதுவாங்க. அந்த 'ஏறக்குறைய'ங்கற ஒத்தை வார்த்தைக்காக லண்டன் வக்கீலுங்க வீடு கட்டியிருக்காங்க. ஒப்பந்தத்தை மீறிக் குடிச்சா முதலாளி நஷ்ட ஈடு கொடுக்கணும். அதனால ரிப்போர்ட்ல நம்பர் ஒப்பந்தத்தோட ஒத்துப் போற மாதிரி 'அமைஞ்சுடும்'.

மாமா பையன் சொன்ன இன்னொரு சங்கதி. அந்தக் காலத்து சீஃப் இன்ஜினியர்கள் சில பேர் டேங்க்ல கொஞ்சம் எண்ணெயை கணக்குல காட்டாம கைவசம் வச்சிருப்பாங்களாம். திருடறதுக்கு இல்ல. நம்ம வீட்டுல அம்மா அஞ்சறைப் பெட்டியில நூறு ரூபா ஒளிச்சு வச்சிருப்பாங்களே, அந்த மாதிரி. மோசமான அலையில ஒரு நாள் கூட குடிச்சா இதுலேர்ந்து ஈடு கட்டி, ரிப்போர்ட்டை அழகா சமமா காட்டறதுக்கு. "ரிப்போர்ட்ல தினமும் ஒரே நம்பர் வந்தா அது பொய்னு அர்த்தம் மச்சான். கடல் தினமும் ஒரே மாதிரியா இருக்கு?"ன்னான். யோசிச்சா சரிதான்.

ஆக, நூத்தைம்பது வருஷத்துக்கு மேல கப்பல்ல எரிபொருள் கணக்கு இருந்துச்சு. ஆனா அது ரெண்டு தரப்புக்கு நடுவுல காசுக்காக எழுதின கணக்கு. மூணாவது ஆளுக்கு அதுல இடமே கிடையாது.

மூணாவது ஆள் உள்ள வந்த கதை

மூணாவது ஆள் முதல்ல காத்து வழியா வரலை, தண்ணி வழியா வந்தார்.

கப்பல் டேங்க் கழுவின எண்ணெய்த் தண்ணியை கடல்ல கொட்டறது வழக்கமா இருந்துச்சு. 1954ல லண்டன்ல ஒரு உடன்படிக்கை போட்டு, இதுக்கு ஒரு எண்ணெய்ப் பதிவேடு வைக்கணும்னாங்க. முதலாளி, வாடகைக்காரர் தவிர ஒரு அரசாங்க அதிகாரி வந்து புரட்டிப் பார்க்கக்கூடிய நோட்டு. அப்புறம் 1967ல டோரி கேன்யன்ங்கற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தோட கார்ன்வால் கரைப் பக்கம் பாறையில ஏறி, ஒரு லட்சம் டன்னுக்கு மேல கச்சா எண்ணெய் கடல்ல போச்சு. அந்த அதிர்ச்சியில பொறந்ததுதான் 1973ல ஐ.எம்.ஓ. கொண்டு வந்த 'மார்போல்' உடன்படிக்கை. ஐ.எம்.ஓ.ன்னா சர்வதேச கடல்சார் அமைப்பு, ஐ.நா. சபையோட ஒரு கிளை, லண்டன்ல இருக்கு. 1978ல மார்போலைத் திருத்தி, 1983ல அமலுக்குக் கொண்டு வந்தாங்க.

எண்ணெய், விஷ ரசாயனம், சாக்கடை, குப்பைன்னு ஒவ்வொண்ணா அதுல சேர்த்தாங்க. காத்துக்கு மட்டும் 1997 வரைக்கும் இடம் இல்ல.

1997 ரொம்ப முக்கியமான வருஷம். செப்டம்பர்ல லண்டன்ல மார்போலோட ஆறாவது இணைப்பை ஏத்துக்கிட்டாங்க. கப்பல் எண்ணெய்ல கந்தகம் 4.5 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு. சிரிக்காதீங்க, அவ்வளவு கந்தகம் உள்ள சரக்குதான் கப்பல்ல எரிஞ்சுது. ரிஃபைனரியில பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில நிக்கற தார் மாதிரியான கசடு. சூடு பண்ணாம குழாய்ல ஓடவே ஓடாது. இந்த வரம்பு 2012ல 3.5 ஆச்சு, 2020 ஜனவரி 1லேர்ந்து 0.5 ஆச்சு.

இந்த ஆறாவது இணைப்பு கொண்டு வந்த ஒரு சின்னக் காகிதம்தான் நம்ம கதைக்கு ஹீரோ. எண்ணெய் ஊத்தறவன் கொடுக்கற ரசீது! எத்தனை டன், அடர்த்தி என்ன, கந்தகம் எவ்வளவுன்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். கப்பல்ல அதை மூணு வருஷம் பத்திரமா வச்சிருக்கணும். கூடவே சீல் வச்ச ஒரு பாட்டில் மாதிரி எண்ணெயும். இது அமலுக்கு வந்தது 2005 மே மாசம். கந்தகத்துக்காக வந்த ரசீது பின்னாடி கரியமில வாயு கணக்குக்கு அஸ்திவாரம் ஆகும்னு அன்னிக்கு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க.

அதே 1997 டிசம்பர்ல ஜப்பான்ல கியோட்டோ ஒப்பந்தம். ஒவ்வொரு பணக்கார நாடும் தன் கரியமில வாயுவை இவ்வளவு குறைக்கணும்னு. அங்க ஒரு சிக்கல் வந்துச்சு. கப்பல் புகையை எந்த நாட்டுக் கணக்குல எழுதறது? முதலாளி கிரீஸ்காரர், கொடி பனாமா, மாலுமி இந்தியாவும் பிலிப்பைன்ஸும், எண்ணெய் போட்டது சிங்கப்பூர், சரக்கு ஆஸ்திரேலியாவிலேர்ந்து ஜப்பானுக்கு. யார் தலையில கட்டுவீங்க? யாரும் சம்மதிக்கலை. "நீங்களே பார்த்துக்கங்க"ன்னு ஐ.எம்.ஓ. தலையில தள்ளிட்டாங்க. இன்னிக்கும் ஒவ்வொரு நாடும் ஐ.நா.வுக்குக் கொடுக்கற கணக்குல சர்வதேசக் கப்பலுக்கு ஊத்தின எண்ணெய் தனியா அடிக்குறிப்பு மாதிரி நிக்கும். மொத்தத்துல கூட்ட மாட்டாங்க. சுருக்கமா சொன்னா அனாதைப் புகை.

சின்ன அளவா? இல்ல. ஐ.எம்.ஓ.வோட நாலாவது ஆய்வு 2020ல வந்துச்சு. 2018ல மீன்பிடிப் படகு, உள்நாட்டுக் கப்பல் எல்லாம் சேர்த்து கப்பல்களோட பசுங்குடில் வாயு சுமார் 107 கோடி டன். மனுசன் விடற மொத்தத்துல 2.89 சதவீதம். ஒரு பெரிய நாடு அளவுக்கு இருக்கு.

இருபது வருஷ இழுபறி

1997ல தள்ளின வேலை 2016 வரைக்கும் இழுத்துச்சு. ஏன்? இதுல நம்ம நாட்டுக்கும் பங்கு உண்டு. காலநிலை ஒப்பந்தத்துல 'பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனா அளவு வேற வேற'ன்னு ஒரு கொள்கை. நூறு வருஷம் புகை விட்டவன் முதல்ல குறைக்கட்டும், நாங்க அப்புறம் வர்றோம்னு இந்தியா, சீனா, பிரேசில் எல்லாம் வாதாடினாங்க. நியாயம் இல்லாத வாதம்னு நான் சொல்ல மாட்டேன். வ.உ.சி. கப்பலை ஓட விடாதவங்கதானே அன்னிக்கு கடல் பூரா புகை விட்டுக்கிட்டு ஓடினாங்க? ஆனா ஐ.எம்.ஓ.வோட கொள்கை வேற: எந்தக் கொடியா இருந்தாலும் விதி ஒண்ணுதான். ஏழை நாட்டுக்குத் தனி விதின்னு வச்சா மறுநாளே கிரீஸ்காரர் கொடியை மாத்திக்குவாரே! ரெண்டு நியாயமும் மோதிக்கிட்டு பத்து வருஷத்துக்கு மேல ஓடிப் போச்சு.

2011 ஜூலையில ஓட்டெடுப்பு வச்சு, புதுக் கப்பலுக்கு எரிபொருள் சிக்கன அளவுகோலும், எல்லாக் கப்பலுக்கும் ஒரு சிக்கனத் திட்ட நோட்டும் வேணும்னு முடிவு பண்ணினாங்க. அது 2013லேர்ந்து அமல். ஆறாவது இணைப்புல இந்தியா சேர்ந்ததும் அதே 2011லதான். ஆனா அந்தத் திட்ட நோட்டுல எவ்வளவு எரிஞ்சுதுன்னு வெளிய சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

பொறுமை போனது ஐரோப்பாவுக்கு. 2015ல தனியா ஒரு சட்டம் போட்டாங்க, எம்.ஆர்.வி.ன்னு சொல்வாங்க. கண்காணி, எழுதிக் கொடு, சரிபார். எங்க துறைமுகத்துக்கு வர்ற 5,000 டன் கொள்ளளவுக்கு மேல உள்ள கப்பல் எந்தக் கொடியா இருந்தாலும் 2018 ஜனவரி 1லேர்ந்து எரிபொருள், கரியமில வாயு, தூரம், நேரம், சுமந்த சரக்கு எல்லாம் எழுதிக் கொடுக்கணும். தனியார் சரிபார்ப்பாளர் பார்த்து முத்திரை குத்தணும். முக்கியமா, கப்பல் பேரைப் போட்டு இணையத்துல வெளியிட்டாங்க. யார் வேணா பார்க்கலாம்.

ஐரோப்பா முந்திக்கிட்டதும் ஐ.எம்.ஓ.வும் 2016 அக்டோபர்ல தன் பங்குக்கு டி.சி.எஸ்.ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. 2019 ஜனவரி 1லேர்ந்து உலகம் பூரா 5,000 டன் கொள்ளளவுக்கு மேல உள்ள கப்பல் எல்லாம் எண்ணெய், தூரம், ஓடின நேரம் மூணையும் கொடுக்கணும். சர்வதேசக் கப்பல் புகையில சுமார் 85 சதவீதம் இந்தப் பெரிய கப்பல்களோடது. முதல் வருஷமே 27,000க்கு மேற்பட்ட கப்பல் கணக்கு கொடுத்துச்சு. எரிஞ்ச எண்ணெய் சுமார் 21.3 கோடி டன். கப்பல் வரலாற்றுலயே முதல் தடவையா அனுமானம் இல்லாத, எண்ணி எழுதின நம்பர். ஆனா ஒரு வித்தியாசம்: பொதுவுல வரும்போது ஐ.எம்.ஓ. கணக்குல கப்பல் பேர் இருக்காது.

எப்படி எண்ணறாங்க?

இப்ப மாமா பையன் லேப்டாப்புக்கு வருவோம். வழி மூணு. ஒண்ணு, ரசீதுகளைக் கூட்டி, வருஷ ஆரம்பத்துல டேங்க்ல இருந்ததைச் சேர்த்து, கடைசியில மிஞ்சினதைக் கழிக்கறது. நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் கணக்கு மாதிரி. ரெண்டு, குழாய்ல மீட்டர் வச்சு ஓடினதை அளக்கறது. மூணு, தினமும் டேங்க்ல டேப் விட்டு ஆழம் பார்க்கறது. இதுல எதுன்னு முன்னாடியே திட்ட நோட்டுல எழுதி ஒப்புதல் வாங்கணும். நடுவுல மாத்திக்க முடியாது.

டேப் விட்டு பார்க்கறது கேக்கறதுக்கு சுலபம். கப்பல் முன்னாடி பின்னாடி சாஞ்சிருந்தா ஆழம் மாறும், அதுக்கு ஒரு அட்டவணை. எண்ணெய் சூடா இருந்தா பெருகும், ரசீதுல அடர்த்தியை 15 டிகிரிக்குத்தான் போட்டிருப்பாங்க, அதுக்கு ஒரு திருத்தம். சுத்திகரிக்கறப்ப பிரியற கசடும் தண்ணியும் தனி. இத்தனையும் தாண்டி டன் வந்தா, அதை ஒரு எண்ணால பெருக்கணும். கனரக எண்ணெய்னா 3.114. டீசல் வகைன்னா 3.206. அதாவது ஒரு டன் எண்ணெய் எரிஞ்சா மூணு டன்னுக்கு மேல கரியமில வாயு. "ஒண்ணு போட்டா எப்படிடா மூணு வரும்?"னு கேட்டேன். காத்துல இருக்கற ஆக்சிஜன் சேருதே. நாளைக்கு 30 டன் குடிக்கற கப்பல் 93 டன் வாயு விடும்.

கணக்கு ரெடியானா கொடி நாட்டுக்குப் போகணும். இந்தியக் கொடின்னா மும்பையில இருக்கற டி.ஜி. ஷிப்பிங். அரசு சார்பா கணக்கைச் சரிபார்க்கற வேலையை இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் மாதிரி அமைப்புகள் செய்யலாம். வருஷம் முடிஞ்சு மூணு மாசத்துக்குள்ள கணக்கு போகணும், அஞ்சு மாசத்துக்குள்ள 'விதிப்படி நடந்தது'ன்னு சான்றிதழ் கைக்கு வரணும். அது இல்லாம வெளிநாட்டுத் துறைமுகத்துல சோதனைக்கு ஆள் வந்தா தலைவலிதான்.

மார்க் போட்டதும் வந்த வினை

2023லேர்ந்து இந்தக் கணக்கை வச்சு ஏ, பி, சி, டி, ஈன்னு கப்பலுக்கு மார்க் போட ஆரம்பிச்சாங்க. மூணு வருஷம் தொடர்ந்து டி வாங்கினாலோ, ஒரு வருஷம் ஈ வாங்கினாலோ எப்படித் திருந்தப் போறேன்னு எழுதிக் கொடுக்கணும்.

சூத்திரம் என்னன்னா, விட்ட வாயுவை, கப்பல் சுமக்கக்கூடிய எடையாலயும் ஓடின மைலாலயும் வகுக்கணும். 'சுமக்கக்கூடிய' எடை, 'சுமந்த' எடை இல்ல! காலியா ஓடினாலும் அதே எடைதான். காலிக் கப்பல் கம்மியா குடிக்கும். அப்ப சரக்கே இல்லாம சும்மா ஊர் சுத்தினா நல்ல மார்க் :-) துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு காத்திருந்தா? மைல் பூஜ்யம், ஆனா விளக்கு, பம்பு, ஏ.சி.க்கு எண்ணெய் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நாளைக்கு 3 டன்னு வச்சாலும் பத்து நாள் காத்திருந்தா 93 டன் வாயு. துறைமுகத்துல இடம் இல்லாதது கப்பல்காரன் தப்பா? ஆனா மார்க் அவனுக்குத்தான் குறையும்.

நல்லதும் உண்டு. தண்ணியில வேகம் கூடக் கூட தேவைப்படற சக்தி கிட்டத்தட்ட மும்மடிக் கணக்குல ஏறும். 14 நாட் வேகத்தை 12 ஆக்கினா ஒரு நாளைக்கு எரியறது ஏறக்குறைய 37 சதவீதம் குறையும். பயணம் நீளுமேன்னா, அதையும் சேர்த்துப் பார்த்தாலும் மொத்தத்துல கால் பங்குக்கு மேல மிச்சம். முதல்ல ஓடிப்போய் அப்புறம் துறைமுக வாசல்ல காத்திருக்கறதை விட மெதுவா வந்து நேரா உள்ள போறது மேல். இதைச் சொல்லிப் புரிய வைக்க ஒரு கணக்கு தேவைப்பட்டுச்சு பாருங்க.

ஐரோப்பா இதையும் தாண்டிப் போயாச்சு. 2024லேர்ந்து கப்பல் விடற வாயுவுக்கு காசு. 2024 புகையில 40 சதவீதத்துக்கு, 2025ல 70, 2026லேர்ந்து முழுசுக்கும். ஐரோப்பாவுக்கு வெளியிலேர்ந்து வர்ற, வெளிய போற பயணத்துக்கு மட்டும் பாதிக் கணக்கு. உலகம் முழுக்க இதே மாதிரி ஒண்ணை ஐ.எம்.ஓ. 2025 ஏப்ரல்ல ஒப்புதல் வரைக்கும் கொண்டு வந்துச்சு. அக்டோபர்ல இறுதி முடிவு எடுக்காம ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டாங்க. 1997 மறுபடியும் கண்ணு முன்னாடி வந்து போச்சு எனக்கு.

நம்ம நிலக்கரிக் கப்பல்

இதெல்லாம் எங்கயோ நடக்குதுன்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டுக் கரண்ட்ல ஒரு பங்கு கடல் வழி வந்த கதை. ஒடிசா நிலக்கரி ரயில்ல பாரதீப் துறைமுகம் வந்து, கப்பல்ல எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரும். இதுக்காகவே தமிழக அரசு 1974ல பூம்புகார் கப்பல் கழகத்தை ஆரம்பிச்சுது. விவேகானந்தர் பாறைக்கு படகு விடறாங்களே, அதே ஆளுங்கதான். தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ்னு ஒரு காலத்துல சொந்தக் கப்பலே மூணு ஓடுச்சு.

நெய்வேலிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இங்க நிலக்கரி காலடியிலயே இருக்கு, கப்பல் வேணாம். ஆனா நம்ம என்.எல்.சி.யும் மின்வாரியமும் கூட்டு சேர்ந்து தூத்துக்குடியில 1,000 மெகாவாட் மின் நிலையம் கட்டி, 2015ல ஓட ஆரம்பிச்சுது. அதுக்கு ஒடிசா நிலக்கரி கப்பல்லதான் வரணும். எந்தத் துறைமுகம்? வ.உ.சி. துறைமுகம்!

இப்ப ஒரு விளையாட்டு. ஒரு கப்பல் பாரதீப்லேர்ந்து தூத்துக்குடிக்கு நிலக்கரி கொண்டு வருது. கிளம்பறதும் சேர்றதும் இந்தியத் துறைமுகம். அதனால அதோட புகை இந்தியாவோட கணக்குல ஏறும். அடுத்த மாசம் அதே கப்பல் இந்தோனேசியாவிலேர்ந்து நிலக்கரி ஏத்திக்கிட்டு அதே தூத்துக்குடிக்கு வருது. அந்தப் புகை எந்த நாட்டுக் கணக்குலயும் ஏறாது. கப்பல் ஒண்ணு, இன்ஜின் ஒண்ணு, சேர்ற இடம் ஒண்ணு.

இன்னொரு கூத்து. தன் நாட்டுக் கடல் எல்லைக்குள்ளயே ஓடற கப்பலுக்கு ஐ.எம்.ஓ.வோட எரிபொருள் அத்தியாயம் பொருந்தாது, அந்தந்த நாடு தன் வழியில பார்த்துக்கணும்னு விதி. பாரதீப் - எண்ணூர் கப்பல் கரையோரமா வந்துடும், விலக்கு உண்டு. தூத்துக்குடிக் கப்பல்? பாக் நீரிணையில ஆழம் இல்ல, இலங்கையைச் சுத்தித்தான் வரணும். எழுத்துப்படி பார்த்தா அது இந்திய எல்லையை விட்டு வெளிய போயிட்டு வருது. நாட்டுக் கணக்கு துறைமுகத்தைப் பார்க்குது, ஐ.எம்.ஓ. விதி தண்ணியைப் பார்க்குது. சேது சமுத்திரத்தை 2005ல தொடங்கினப்ப வழி சுருங்கும்னு பேசினோம், கணக்குப் புத்தகம் இப்படி மாறும்னு யார் நினைச்சா!

நெய்வேலியை வச்சுப் பார்த்தா வித்தியாசம் நல்லாத் தெரியும். இந்தியாவுல ஒவ்வொரு அனல் மின் நிலையமும் எவ்வளவு கரியமில வாயு விடுதுன்னு மத்திய மின்சார ஆணையம் பேர் போட்டே கணக்கு வெளியிடுது. நெய்வேலியும் அதுல உண்டு. வடக்குத்துல உட்கார்ந்துக்கிட்டு நான் பார்க்கலாம், திட்டலாம், கேள்வி கேக்கலாம். எங்க ஊர்ப் புகைக்கு பேர் இருக்கு, ஊர் இருக்கு. கடல்ல போற புகைக்கு ஐரோப்பாப் பக்கம் போனாத்தான் பேர்.

அதனால இந்த எக்செல் ஷீட்டை நான் சாதாரணமா நினைக்கலை. பேர் இல்லாமப் போனாலும் நம்பராவது இருக்கு. நம்பர் இருந்தாத்தான் நாளைக்கு காசு கேக்க முடியும், மார்க் சரியில்லன்னு சண்டை போட முடியும், ஏழை நாட்டுக்கு எவ்வளவு விட்டுக் கொடுக்கணும்னு பேச முடியும். ஆனா அந்த நம்பர் வர்ற இடம் அதே பழைய நூன் ரிப்போர்ட், அதே டேங்க், அதே டேப். காசுக்காக வளைஞ்சு பழகின காகிதத்தை வச்சுத்தான் காத்துக்கு கணக்கு எழுதறோம். கடைசியில ஒரு இன்ஜினியரோட கையெழுத்துலதான் எல்லாம் நிக்குது.

பதினோரு டன் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் தேடினான். ஆகஸ்ட்ல ஒரு நாள் கப்பல் பின்பக்கம் சாஞ்சு நின்னிருக்கு, சாய்வு அட்டவணையைப் பார்க்காம நேர் அட்டவணையில ஆழம் படிச்சுட்டாங்க. திருத்தி, காரணம் எழுதி அனுப்பினான்.

"அந்தக் காலம்னா என்ன பண்ணியிருப்பாங்க?"

"ஒவ்வொரு நாளும் அரை அரை டன்னா பிரிச்சுப் போட்டு மறைச்சிருப்பாங்க. யாருக்கும் தெரியாது."

"நீ ஏன் அப்படிப் பண்ணலை?"

"கீழ என் பேர் இருக்கே மச்சான்"னுட்டு கரும்பு கடிக்கப் போயிட்டான்.

டிஸ்கி: நான் கப்பல்காரன் இல்ல. கேட்டதையும் படிச்சதையும் வச்சு எழுதினது. நம்ம பதிவர்கள்ல கப்பல்ல வேலை பார்க்கறவங்க இருந்தா, தப்பு ஏதும் இருந்தா பின்னூட்டத்துல தலையில குட்டுங்க. திருத்திடறேன்.